குழியை அடைச்சுட்டுப் போட்ட வரைபடம்

ஒரு மாசமா இங்க ஒண்ணும் எழுதல. முருங்கைப் பறிப்பு, அது முடியறதுக்குள்ள மழை, மழையோட சேர்ந்து ஊர்ல ஒரு சண்டை. அந்தச் சண்டையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சண்டையில ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட ஊரே.

இந்தச் சண்டைக்கு விதை போட்டதுல உங்களுக்கும் பங்கு உண்டு. கோவிச்சுக்காம கேளுங்க. 2021 நவம்பர் மழையில, திசையன்விளைப் பக்கம் ஆயன்குளத்துல ஒரு கிணறு வெள்ளத்தை வாரக்கணக்கா குடிச்சுது. வினாடிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல உள்ள போச்சு. அப்படியும் நிரம்பல. 'அதிசயக் கிணறு'ன்னு வீடியோ போட்டாங்க. சென்னையிலயும் பெங்களூருலயும் இருந்து எத்தனை பேர் எனக்கு அனுப்பினீங்க! 'அண்ணே, உங்க ஊர்ப்பக்கம்தானே, போய்ப் பார்த்தீங்களா'ன்னு கேட்டீங்க. போய்ப் பார்த்தேன். எங்க ஊர்ல இருந்து பைக்ல போற தூரம்தான். தண்ணி சுழிச்சு உள்ள இறங்குறதைப் பார்க்க எனக்கும் வாய் பிளந்துச்சு.

அப்புறம் சென்னை ஐஐடிக்காரங்க வந்து பார்த்து, இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, கீழ சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள்ள தண்ணி அரிச்சு உண்டாக்கின பொந்துகள், அதுவழியா ஓடுதுன்னு சொன்னாங்க. அந்தச் செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தீங்க? எனக்கு ஒருத்தர்கூட அனுப்பல. அதிசயம் ஊரெல்லாம் சுத்துச்சு, விளக்கம் வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு.

இப்ப எங்க ஊர்க் கதைக்கு வாரேன். ஊருக்கு மேற்க ஒரு பாழ்கிணறு இருக்கு. எங்க அப்பா காலத்துலயே கமலை நின்னுபோன கிணறு. பெருமழையில ஓடைத்தண்ணி கொஞ்சம் அதுல விழும், விழுந்தது காணாமப் போகும். போன அக்டோபர் 2 கிராம சபையில ஒரு யோசனை வந்துச்சு. ஓடையில இருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணி பூராவையும் அந்தக் கிணத்துக்குள்ள விடணும். ஆயன்குளம் மாதிரி நம்ம ஊரும் பேர் வாங்கும், நிலத்தடி நீர் ஏறும். எல்லாரும் கைதட்டினாங்க.

நான் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்தக் கிணத்துல விழுந்த தண்ணி எங்க போய் ஏறுது?"

"பூமிக்குள்ள போகுது. வேற எங்க போகும்?"ன்னாங்க.

"பூமிக்குள்ள எங்க? யார் கிணத்துக்கு?"

பின்னால இருந்து ஒரு அண்ணாச்சி, "தண்ணி வேண்டாம்னு சொல்லுத சம்சாரிய இன்னைக்குத்தாம்வே பார்க்கேன்"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. ஆனா உக்காரல. அந்த ஓடையில என்னவெல்லாம் வருதுன்னு வரிசையாச் சொன்னேன். நாலு தெருச் சாக்கடை அதுலதான் முடியுது. கோழிக்கடைக் கழிவு ராத்திரியில அதுலதான் விழுது. மேல ரெண்டு தோட்டத்துக் கோழிஎரு, அதுல ஒரு தோட்டம் என்னோடது. நான் அடிக்கிற களைக்கொல்லியும் மழையில கரைஞ்சு அங்கதான் வருது. இதைத்தான் குழாய் வச்சாப்பல பூமிக்குள்ள விடப் போறோம்னேன். கடைசியில தீர்மானத்தை ஜனவரி 26 கூட்டத்துக்குத் தள்ளி வச்சாங்க. அதுவும் எனக்காக இல்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆயிட்டதால.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இதுல என்ன தப்புன்னு தோணலாம். மழைநீர் சேகரிப்பு நல்லதுதானே, எங்க அப்பார்ட்மெண்ட்லயும் குழி தோண்டித்தானே விடுறோம்னு நினைப்பீங்க. உங்க குழிக்கும் எங்க குழிக்கும் வித்தியாசம் இருக்கு.

மண்ணுலயும் மணல்லயும் இறங்குற தண்ணி பைய இறங்கும். ஒரு நாளைக்குச் சில அடி போனாலே பெருசு. அப்படி இறங்கும்போது மண்ணு அதை வடிகட்டும். கலங்கல் நிக்கும், கிருமிகள்ல பாதி வழியிலயே செத்துப்போகும். சுண்ணாம்புப் பாறை அப்படி இல்ல. ஒரு சுண்ணாம்புக் கல்லுல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு பாருங்க, பொசுபொசுன்னு நுரை வரும். கல்லு கரையுது. மழைத்தண்ணி காத்துல இருந்தும் மண்ணுல இருந்தும் கரிவாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசாப் புளிப்பேறித்தான் இறங்குது. அந்தப் புளிப்பு ஆயிரக்கணக்கான வருசமா வெடிப்பை அரிச்சு அரிச்சு, விரல் மொத்த ஓட்டையைக் குகையாக்கிடும். அதுக்குள்ள போற தண்ணி ஊறாது, ஓடும். வடிகட்ட அங்க எதுவும் கிடையாது. மேல என்ன விட்டோமோ அதுதான் அந்தப்பக்கம் வெளிய வரும்.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது. மத்த இடங்கள்ல தண்ணி போற பாதையைக் கண்ணால பார்த்தே சொல்லிடலாம். நம்ம முன்னோர் குளத்துக்குக் குளம் மறுகால் வெட்டி வச்சாங்களே, எதை வச்சு? மேடு எது, பள்ளம் எதுன்னு பார்த்து. மேட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யுற மழை இந்தக் குளத்துக்கு, அந்தப் பக்கம் பெய்யுறது அந்தக் குளத்துக்கு. சுண்ணாம்புப் பூமியில இந்தக் கணக்கு எடுபடாது. மேல ஓடை கிழக்க ஓடும், குழியில விழுந்த தண்ணி கீழ தெற்க போகலாம். மேட்டுக்கு அடியில புகுந்து பக்கத்து ஊர்க் கிணத்துல ஏறலாம். மேல ஒரு எல்லை, கீழ ஒரு எல்லை. மேல் எல்லையை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டா அது பாதி வரைபடம்தான்.

இதை எனக்குப் புரியவச்சது என் தங்கச்சி மகன். மதுரையில வரைபட வேலை பார்க்கான். கிராம சபைச் சண்டை முடிஞ்ச வாரம் ஊருக்கு வந்திருந்தான். 'மாமா, நான் போட்டுத் தாரேன்'னு லேப்டாப்பைத் திறந்தான். செயற்கைக்கோள் எடுத்த மேடுபள்ளக் கணக்கு இலவசமாக் கிடைக்குதாம். அதை ஏத்தி ஏதேதோ அமுக்கினான். பத்து நிமிசத்துல எங்க ஊர் ஓடை பூராவும் நீலக் கோடா வந்துச்சு. அழகா இருந்துச்சு. ஓடை நேராக் கடலுக்குப் போகுது.

"மாப்ள, பாழ்கிணறு எங்க இருக்கு இதுல?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துட்டுச் சொன்னான். "வராது மாமா. இதுல ஒரு கட்டம் முப்பது மீட்டர். உங்க கிணறு அந்தக் கட்டத்துக்குள்ள ஒரு புள்ளிகூட இல்ல."

"சரி, வடக்க நம்ம பெரிய பள்ளம்? ஒரு ஏக்கருக்கு மேல இருக்குமே. மழைக்குத் தேங்கும், ரெண்டு நாள்ல தண்ணியக் காணாது. அதையும் காணலையே?"

அதுக்கு அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "அதை அடைச்சாச்சு மாமா."

"யாரு அடைச்சா?"

"சாஃப்ட்வேர்தான். ஓடைக் கோடு போடுறதுக்கு முன்னால பள்ளத்தையெல்லாம் நிரப்பிடணும். தண்ணி ஓட வழியில்லாத பள்ளம் இருந்தா கோடு அங்கயே நின்னுடும். அதனால அதைக் கணக்குப் பிழைன்னு எடுத்துக்கிட்டு நிரப்பிட்டு மேல போகும். எல்லா இடத்துலயும் வழக்கமா இப்படித்தான் செய்வோம்."

எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. மத்த பூமியில அது சரியா இருக்கலாம். அங்க அந்தப் பள்ளம் நிசமாவே படத்துல வந்த பிழையா இருக்கும். சுண்ணாம்புப் பூமியில அந்தப் பள்ளம்தான் ஊரோட வாய். அதை அடைச்சுட்டு வரைபடம் போடுறது, வீட்டு வாசலை மறைச்சுட்டு வீட்டை வரையுற மாதிரி. என் மருமகனைக் குத்தம் சொல்லல. சின்னப்பய, சொல்லிக்கொடுத்தபடி செஞ்சான். ஆனா இப்படிப் போட்ட நீலக் கோட்டை நம்பி எத்தனை வாய்க்கால், எத்தனை தடுப்பணை, எத்தனை உறிஞ்சுகுழிக்கு மதிப்பீடு போட்டிருப்பாங்கன்னு யோசிச்சா வயித்தைக் கலக்குது.

'இதெல்லாம் உங்க பயம்தான், ஆதாரம் என்ன'ன்னு கேப்பீங்க. என் கிணறு இருக்கு. தோட்டத்துல மழையே பெய்யாத நாள்ல, மேற்க இடி இடிச்சுப் பெய்ஞ்ச ரெண்டாம் நாள், என் கிணத்துத் தண்ணி செம்மண் கலங்கலா ஏறும். என் தோட்டத்துல செம்மண் கிடையாது. அம்மா இருந்த வரைக்கும், 'மேக்க பெஞ்ச தண்ணி வந்துட்டு, இன்னைக்குக் குடிக்காதீங்க'ன்னு சொல்லுவா. பள்ளிக்கூடம் போகாத மனுசிக்கு அந்த வரைபடம் மனசுல இருந்துச்சு. கிராம சபையில அதைக் கேட்க ஆள் இல்ல.

என் கிணத்தை நம்பலேன்னா வெளிநாட்டுக்குப் போவோம். ஜெர்மனியில டான்யூப்னு ஒரு பெரிய ஆறு. இம்மெண்டிங்கன்கிற ஊர்கிட்ட அது சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கிடும். கோடையில ஆறு மொத்தமா வத்தி, கரைக்குக் கரை வெறும் கல்லாக் கிடக்கும். தெற்க பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி ஆஹ்னு ஒரு ஊத்து பொங்குது. அது டான்யூப் தண்ணிதானான்னு ஆலைக்காரங்களுக்குள்ள தகராறு. 1877ல நோப்ங்கிற நிலவியல் பேராசிரியர் பத்து கிலோ பச்சைச் சாயத்தையும், டன் கணக்குல உப்பையும் ஆத்துல கரைச்சு விட்டாரு. அறுபது மணி நேரம் கழிச்சு ஊத்து பச்சையாப் பொங்குச்சு, உப்பும் கரிச்சுது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணி, மேட்டுக்கு அடியில புகுந்து ரைன் ஆத்தோட வடகடலுக்குப் போகுது. மேலாப்புல வரைஞ்ச எந்த வரைபடத்துலயும் அந்தப் பாதை இல்ல. சாயம் விட்டதாலதான் தெரிஞ்சுது. அது நடந்து நூத்தம்பது வருசம் ஆகப் போகுது. நாம இன்னும் வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கோம்.

அடுத்தது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கதை. கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊரு, அஞ்சாயிரம் பேர் இருக்கும். 2000ம் வருசம் மே மாசம் விடாம மழை. ஊருக்குத் தண்ணி குடுத்த கிணறுகள்ல ஒண்ணு ஆழம் கம்மியான கிணறு. அடியில வெடிச்ச சுண்ணாம்புப் பாறை. பக்கத்துத் தோட்டத்துல மாட்டுச்சாணி எரு போட்டிருந்தாங்க. மழையோட கிருமி கிணத்துக்குள்ள போச்சு. குளோரினும் ஒழுங்காப் போடல, போட்டதாக் கணக்கு மட்டும் எழுதி வச்சாங்க. ஏழு பேர் செத்துப்போனாங்க, ரெண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல சீக்குல விழுந்தாங்க. விசாரணைக் கமிஷன் வச்சாங்க. அந்தத் தோட்டக்காரர் மேல தப்பு இல்ல, முறையாத்தான் எரு போட்டாருன்னு கமிஷனே சொல்லிட்டு.

அதைப் படிச்சப்ப என் கோழிஎருக் குவியல்தான் கண்ணு முன்னால வந்துச்சு. நானும் முறையாத்தான் போடுறேன். என் தப்பு இல்லாமலே ஒரு சின்னப் பிள்ளையோட வயித்துக்குள்ள என் தோட்டத்து எரு போக முடியும். இது சம்சாரியோட பயம், விஞ்ஞானியோடது இல்ல.

சரி, எதிர்க்கேள்விக்கு வாரேன். 'கடல் பக்கம் உப்பு ஏறிக்கிட்டு இருக்கு. மழைத்தண்ணி வீணாக் கடலுக்குப் போகுது. நல்ல தண்ணிய உள்ள விட்டாத்தானே உப்பைத் தள்ள முடியும்? நீர் பேசுறதைக் கேட்டா எல்லாம் நின்னுடும்.' நியாயமான கேள்வி. உவரிப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தவன் நான். உப்புத்தண்ணி ஏறின தென்னை எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியும். தண்ணிய உள்ள விடக் கூடாதுன்னு நான் ஒருநாளும் சொல்லல. எந்தத் தண்ணிய, எந்த வாய் வழியா விடுறோம், அது எங்க ஏறும்னு தெரிஞ்சுக்கிட்டு விடுங்கன்னுதான் சொல்றேன். மேற்க காட்டுத்தண்ணி மட்டும் வர்ற பள்ளம் இருக்கு, அதுல விடுங்க. சாக்கடை சேருற ஓடையை விடாதீங்க. கண்டிப்பா விட்டுத்தான் ஆகணும்னா, முதல் மழையை ஒதுக்கிட்டு, ஒரு தேக்கக் குழியில தெளியவச்சு, மணல்ல வடிச்சு விடுங்க.

அமெரிக்காவுல பவுலிங் கிரீன்னு ஒரு நகரம், முழுக்கச் சுண்ணாம்புக் குகை மேல உக்காந்திருக்கு. அங்கயும் தெருவுல விழுற மழைத்தண்ணியக் குழிகள்ல தான் விடுறாங்க. 1980கள்ல பெட்ரோலும் ரசாயனமும் அந்தக் குகைகளுக்குள்ள இறங்கி, அதோட ஆவி வீடுகளுக்குள்ள ஏறுச்சு. அப்புறம்தான் சாயம் விட்டு விட்டு, எந்தக் குழி எந்த ஊத்துல போய்ச் சேருதுன்னு தேடினாங்க. அவங்க பட்டுட்டுத் தேடினாங்க. நாம படாமத் தேடலாமே?

இதுல அவசரமும் இருக்கு. தாமிரபரணி வெள்ளத்தை கருமேனியாறு, நம்பியாறு வழியா எங்க வறண்ட பக்கம் கொண்டுவர வெள்ளநீர்க் கால்வாய் வேலை 2009ல ஆரம்பிச்சுது. எழுபத்தஞ்சு கிலோமீட்டர் நீளம், எம்.எல்.தேரி வரைக்கும். வினாடிக்கு 3200 கன அடிக்குத் திட்டம். லிட்டர்ல சொன்னா தொண்ணூறாயிரம். வழியில குளங்களுக்குப் பிரிஞ்சது போக மிச்சம் வந்தாலும் எங்களுக்குப் பெருசுதான். அந்தத் தண்ணிக்காக எங்க தலைமுறையே காத்துக்கிடக்கு, நான் உட்பட. அது வந்து நிக்கும்போது ஊரூரா ஆளுக்கொரு பாழ்கிணத்துல வாய்க்கால் வெட்டினா என்ன ஆகும்? வெட்டினவனுக்கே தெரியாது.

என்ன செய்யணும்? ராக்கெட் விட வேண்டாம். மழை பெய்யும்போது ஊர்ல நாலு பேர் குடையோட நடந்து, தண்ணி எங்கெங்க காணாமப் போகுதுன்னு செல்போன்ல இடத்தைக் குறிச்சுக்கணும். வயசானவங்ககிட்ட உக்காந்து, எந்தக் கிணறு எப்பக் கலங்கும்னு கேட்டு எழுதணும். சில நூறு ரூபாய்க்கு உப்பு அளக்குற மீட்டர் கிடைக்குது. மழைக்கு முன்னும் பின்னும் எல்லாக் கிணத்துலயும் அளந்து, தண்ணி மட்டத்தையும் சேர்த்து எழுதினா, எது எதோட தொடர்புன்னு பாதி தெரிஞ்சுடும். மீதிக்கு அரசாங்கம் வரணும். சின்னப் பள்ளமும் தெரியுற மாதிரி ட்ரோன் வச்சு அளக்கணும், அளந்த பள்ளத்தை அடைக்காம வரைபடம் போடணும். அனுமதியோட, உடம்புக்குக் கெடுதல் இல்லாத சாயத்தைக் குழியில விடணும். சுத்துவட்டாரக் கிணறுகள்ல கரித்தூள் பொட்டலம் கட்டித் தொங்கவிடுவாங்களாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்தாலும் கரி பிடிச்சு வச்சுக்கும். அப்படி வர்ற வரைபடத்தைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவத்துல மாட்டணும். அதுக்கப்புறம் எங்க வாய்க்கால் வெட்டணும்னு கேளுங்க. முதல் மண்வெட்டி நான் போடுறேன்.

நகரத்து நண்பர்களே, உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்குறேன். அடுத்த தடவை பூமி தண்ணி குடிக்கிற வீடியோ வந்தா, அதைப் பகிரும்போது 'இது எங்க வெளிய வருது?'ன்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க. வரைபட வேலை, தண்ணி வேலை தெரிஞ்சவங்க உங்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. ஜனவரி 26க்கு முன்னால யாராவது ஒரு சனி ஞாயிறு எங்க ஊருக்கு வாங்க. எங்க வீட்டுல சாப்பாடு, தங்க இடம் உண்டு. கூட்டத்துல நான் பேசினா சிரிக்காங்க. லேப்டாப் வச்சுக்கிட்டு ஒருத்தர் அதையே பேசினா கேப்பாங்க. அது எனக்கு வருத்தம்தான், ஆனா கிணறு நல்லா இருந்தாச் சரி.

கோழிஎருக் குவியலை ஓடைக்கரையில இருந்து எடுத்து மேட்டுக்கு மாத்திட்டேன். கூலி ரெண்டாயிரம் ஆச்சு. நேத்து ராத்திரி மேற்க மின்னுச்சு. காலையில கிணத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சுத் திண்ணையில வச்சிருக்கேன், இன்னும் தெளிவாத்தான் இருக்கு. நாளைக்கும் பிடிப்பேன்.